சிங்கப்பூர்ப் பயணம்: பக்கத்து ஊர் என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

சென்னையிலோ திருச்சியிலோ ஏறினால் நாலு மணி நேரச் சொச்சத்தில் சிங்கப்பூர். இறங்கியதும் அறிவிப்புப் பலகைகளில் தமிழ், லிட்டில் இந்தியா எனப்படும் தேக்கா பக்கம் போனால் இட்லி, தோசை. முதல்முறை வெளிநாடு போகிறவர்கள் மதுரைக்குக் கிளம்புவது போலவே பெட்டியைக் கட்டுகிறார்கள். அங்கே மாட்டிக்கொள்ளும் பலரின் சிக்கலும் இந்த அசட்டையில்தான் தொடங்குகிறது.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு, அடுத்தவர் பொருளைச் சுமப்பது. விமான நிலைய வரிசையில் யாரோ வந்து, "அண்ணே, எனக்கு வெயிட் கூடிப்போச்சு, இந்த ஒரு பார்சலை மட்டும் கொண்டுவந்துடுங்க" என்பார். பாவமாக இருக்கும். ஆனாலும் மறுத்துவிடுங்கள். 15 கிராமுக்கு மேல் ஹெராயின், 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் சிங்கப்பூரில் மரண தண்டனை. உங்கள் பெட்டியில் இருந்தால், உள்ளே இருப்பது உங்களுக்குத் தெரியும் என்றே அந்தச் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. சொந்தக்காரர் கொடுத்தாலும் பிரித்துப் பார்த்துவிட்டு வையுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது சமையலறைச் சாமான். மகனையோ மகளையோ பார்க்கப் போகும் அம்மாக்கள் கசகசாவை மசாலாவோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அங்கே அது போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் அனுமதி தேவைப்படும் பொருள், எடுத்துப்போகாதீர்கள். கொப்பரைத் தேங்காய் தீப்பற்றக்கூடியது என்பதால் விமானத்திலேயே ஏற்றமாட்டார்கள். மட்டன் ஊறுகாய், கோழி வறுவல் போன்றவையும் வேண்டாம். சிங்கப்பூர் அங்கீகரித்த நாடுகளின் இறைச்சி மட்டுமே உள்ளே போகலாம். சூயிங் கம் 1992 முதல் தடை. மெல்லும் புகையிலையும் இ-சிகரெட்டும் தடை. சாதாரண சிகரெட்டுக்கு வரிச்சலுகை கிடையாது, திறந்த பாக்கெட்டாக இருந்தாலும் சுங்கத்தில் சொல்லி வரி கட்ட வேண்டும்.

மாத்திரைகளை டப்பாவில் கொட்டி எடுத்துப்போகாமல் அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் வையுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளால் பொதுவாகத் தொல்லை இல்லை. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, வலுவான வலி மாத்திரை போன்றவற்றுக்கு அந்நாட்டுச் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும். கிளம்புவதற்கு முந்தைய நாள் இதைத் தேடினால் நேரம் போதாது.

காகிதங்களில் நம் ஆட்களுக்கே உரிய குழப்பம் ஒன்று உண்டு: பெயர். பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும். டிக்கெட் போடும் இணையதளமோ கடைசிப் பெயர் கேட்டு அடம்பிடிக்கும். அவசரத்தில் இனிஷியலைப் போட்டுவிடுகிறார்கள், அது பாஸ்போர்ட்டோடு பொருந்தாமல் கவுன்டரில் நிற்க வேண்டியதாகிறது. சில விமான நிறுவனங்கள் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், சில வேறு வழி சொல்லும். பணம் கட்டுவதற்கு முன்பே அந்த நிறுவனத்தின் விதியைக் கேட்டுவிடுங்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்பதையும் பாருங்கள்.

விசா வந்துவிட்டால் வேலை முடியவில்லை. இறங்குவதற்கு முன், இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை (SG Arrival Card) இணையத்தில் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் (ICA) தளத்தில் அது முற்றிலும் இலவசம். தேடும்போது முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் இதற்கே கட்டணம் கேட்கும், ஏமாறாதீர்கள்.

வங்கி கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்புமுன் ஆப்பில் திறந்துவிடுங்கள். கடை இயந்திரம் ரூபாயா சிங்கப்பூர் டாலரா என்று கேட்டால் டாலரையே தேர்ந்தெடுங்கள். ரூபாய்க்கு அவர்கள் போடும் மாற்று விலை பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். எம்ஆர்டி எனும் மெட்ரோ ரயிலில் ஒரு கார்டை வைத்துக் குடும்பமே நுழைய முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். உள்ளே தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, 500 டாலர் வரை அபராதம்.

அப்புறம், ஊர் சுற்றுவது. நாலு நாளில் எல்லா டிக்கெட் இடங்களையும் அடைத்துத் திட்டம் போடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. நிறைய செலவழித்து, வரிசையில் நின்ற நினைவோடு திரும்புகிறார்கள். பொட்டானிக் கார்டன்ஸ் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள தோட்டம், நுழைவு இலவசம், ஒரு காலைப்பொழுதைத் தாராளமாகக் கொடுக்கலாம். கார்டன்ஸ் பை த பேயில் ராட்சதச் செயற்கை மரங்களின் ஒளிக்காட்சியும் இலவசம், வழக்கமாக இரவு 7:45, 8:45 மணிக்கு. சைனாடவுனில் 1827-ல் தொடங்கிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, அதை விட்டுவிட்டு வராதீர்கள். உணவங்காடி நிலையங்களில் (ஹாக்கர் சென்டர்) சாப்பிட்டதும் தட்டை நீங்களே எடுத்து வைக்க வேண்டும், அது அங்கே சட்டம். குடையை மறக்காதீர்கள்.

திரும்பும்போது தங்கம். நம் நாட்டுச் சுங்கத்தில் நகை வரிச்சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியவர்களுக்குத்தான், ஒரு வாரச் சுற்றுலாப் பயணிக்குக் கிடையாது. வீட்டிலிருந்து நிறைய நகை போட்டுக்கொண்டு போவதென்றால், கிளம்பும் நாளிலேயே நம்மூர் விமான நிலையச் சுங்கத்தில் காட்டி, அவை இங்கிருந்து கொண்டுபோனவை என்பதற்குச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.