மேல்மண் நனைந்தால் போதாது: கோடைத் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் காய்கறி போடும் பொதுத் தோட்டத்தில், பக்கத்துத் துண்டை இந்தக் கோடைக்கு ஓர் இளம் தம்பதி எடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் ஆனால் இருவரும் வந்துவிடுவார்கள். ஒருவர் குழாயைப் பிடிக்க, இன்னொருவர் செடி செடியாகக் குனிந்து பார்ப்பார். பத்தே நிமிடத்தில் பாத்தி முழுக்க ஈரத்தில் கறுத்துவிடும். நேற்று அவர்களிடம் கேட்டுக்கொண்டு தக்காளிச் செடியோரம் விரலை விட்டுப் பார்த்தேன். முதல் கணு வரை ஈரம், அதற்குக் கீழே மாவு மாதிரி காய்ந்த மண். என் முதல் கோடையும் இப்படித்தான் வீணாகப் போனது.

நிழலில் தக்காளி வைக்காதீர்கள், களையை விட்டுவைக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

## தினமும் கொஞ்சம் தெளித்துவிட்டு வருவது

அந்த வருடம் நான் 24 தக்காளிச் செடிகள் வைத்திருந்தேன். ஒரு நாள் தவறாமல் தண்ணீர் தெளித்தேன். செடிகள் பச்சைப்பசேலென்று வந்தன. காய் பிடிக்கும் நேரத்தில் மூன்று நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் 15 செடிகள் துவண்டு, கொழுகொம்பில் கட்டிய கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. அடுத்த பாத்திக்காரர் வாரத்தில் இரண்டு முறைதான் தண்ணீர் விடுவார். அதே வெயிலில் அவருடைய செடிகள் நிமிர்ந்து நின்றன.

காய்ந்த செடி ஒன்றைப் பிடுங்கினேன். லேசாக இழுத்ததுமே கையோடு வந்துவிட்டது. வேரெல்லாம் மேல்மண்ணிலேயே பாய் விரித்த மாதிரி படர்ந்திருந்தது. கீழே இறங்கிய வேர் ஒன்றுகூட இல்லை. நல்ல மண்ணில் தக்காளி வேர் 60 சென்டிமீட்டருக்கும் கீழே போகக்கூடியது. ஆனால் ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேர் வளரும். கீழே ஈரமே இல்லாதபோது அது ஏன் இறங்கப்போகிறது? வெயிலில் முதலில் சூடேறி முதலில் காய்வது அந்த மேல்மண்தான்.

தப்பிய 9 செடிகளிலும் காய்களின் அடிப்பக்கம் கறுத்துத் தோல் மாதிரி அமுங்கியது. நோய் என்று நினைத்து மருந்து அடித்தேன். சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டேன். மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தது. அதைக் காய்க்குக் கொண்டுபோகத்தான் தண்ணீர் இல்லை. அந்தச் சத்து நீரோடு சேர்ந்துதான் செடிக்குள் ஏறும். நீர் தட்டுப்பாடானால் இலைகள் பெரும்பங்கை இழுத்துக்கொள்ளும், காயின் அடிப்பக்கம் பட்டினி கிடக்கும். அப்புறம் ஒரே நாளில் நிறையத் தண்ணீர் விட்டேன். பழுக்க ஆரம்பித்த காய்கள் வெடித்துவிட்டன.

இந்தத் தவறு இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டக் காரணம் இருக்கிறது. சோம்பேறியை இது பிடிப்பதில்லை. தினமும் வருகிற, அக்கறையுள்ள ஆளைத்தான் பிடிக்கிறது. மண் ஈரமாகத் தெரியும், செடி பச்சையாகத் தெரியும், எதுவும் தப்பாகப் போவதாகவே தோன்றாது.

சரி, எவ்வளவு விடுவது? ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர் விட்டால் அது 1 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். காய்க்கும் பாத்திக்கு வாரத்துக்கு 25 மில்லிமீட்டராவது வேண்டும். அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர், 10 லிட்டர் பூவாளியில் இரண்டரை. கடும் வெயிலில் இன்னும் கூடும். களிமண் என்றால் வாரத்தில் ஒரு முறையோ இரண்டு முறையோ, மணல்மண் என்றால் மூன்றாகப் பிரித்து விடலாம். அதிகாலையில் செடியின் அடியில் மெதுவாக விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் களைக்கொத்தியால் தோண்டி, ஒரு சாண் ஆழத்துக்கு நனைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இதுவரை தினமும் தெளித்தவர்கள் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் இரண்டு நாள் விட்டு என்று இரண்டு வாரத்தில் இடைவெளியைக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஆழமாக நனையுங்கள். விதை முளைக்கும் பாத்தி, புதிதாக நட்ட நாற்று, தொட்டிச் செடி மூன்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றுக்குக் கோடையில் தினமும் தண்ணீர் தேவைப்படலாம்.

## நடுப்பகல் வாட்டத்தைப் பார்த்துக் குழாயைத் திறப்பது

பூசணி, வெள்ளரி இலைகள் உச்சிவெயிலில் குடை மடங்கிய மாதிரி தொங்கும். வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக இலை நீரை இழக்கிறது, அவ்வளவுதான். சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் கவலையில்லை. விடிந்தும் வாடியே இருந்தால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் விடுங்கள். ஈரமாக இருந்தும் வாடினால் வேருக்குக் காற்று இல்லாமல் அழுகத் தொடங்கியிருக்கலாம். அதற்கு மேலும் தண்ணீர் ஊற்றினால் செடி போய்விடும்.

## காய்ந்த மண்மேல் மூடாக்கு

முதலில் ஆழமாக நனைத்துவிட்டுப் பிறகு மூடுங்கள். வைக்கோலோ காய்ந்த இலையோ 5 முதல் 8 சென்டிமீட்டர் கனம். தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள், அழுகும்.

## பூசணியின் முதல் பூக்கள் உதிர்ந்ததும் பதறுவது

முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிரத்தான் செய்யும். பூவுக்குப் பின்னால் குட்டிப் பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. அதுவும் உதிர்ந்துகொண்டே இருந்தால், காலையில் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கள்.

## பூத்திருக்கும்போது பூச்சிமருந்து

அடிக்காதீர்கள். தேனீக்கள் செத்துப்போகும்.

## புதுச் சாணத்தை அப்படியே போடுவது

வேர் கருகும். மக்கட்டும்.

## நட்ட வருடமே பழ மரத்தைக் காய்க்க விடுவது

பிஞ்சைக் கிள்ளிவிடுங்கள். எனக்கும் மனசு வராதுதான்.

## பறிக்காமல் விடுவது

வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். பீன்ஸும் அப்படித்தான். நாலு காய் முற்றி விதை பிடித்துவிட்டால் செடி புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். சாமந்தி, ஜீனியாவில் வாடிய பூவைக் காம்போடு, கீழே இருக்கும் இலைக்கு மேலே வெட்டுங்கள். இதழை மட்டும் உருவிவிட்டால் விதை அங்கேயே முற்றும். தண்ணீர் விடப் போகும் காலையிலேயே கத்தரிக்கோலையும் ஒரு கூடையையும் எடுத்துக்கொண்டு போனால் இரண்டு வேலையும் முடிந்துவிடும்.