குரூப் 4 தயாரிப்பு: உதவி கேட்டும் கிடைக்காதபோது நான் செய்தது

தமிழக அரசு வேலைக்கான இந்தத் தேர்வில் 200 கேள்வி, 3 மணி நேரம்; விடைத்தாளில் சரியான விடைக்கான வட்டத்தைப் பேனாவால் நிரப்ப வேண்டும். மாதிரித் தேர்வில் கடைசி இருபது கேள்வி எனக்கு எப்போதும் விடுபட்டுக்கொண்டே இருந்தது. “யாராவது உதவுங்கள்” என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், வாழ்த்துதான் வந்தது. புது கைடு வாங்கியும் பயனில்லை. பத்து நாள் வீண்.

அப்புறம் பக்கத்து வீட்டு அக்காவிடம், “ஞாயிறு காலை எதிரில் உட்கார்ந்து, நான் எங்கே தாமதிக்கிறேன்னு மட்டும் குறிச்சுத் தர்றீங்களா?” என்று கேட்டேன். கடிகாரமும் நோட்டுமாக வந்துவிட்டார்.

“விடை தெரிஞ்சப்புறமும் வட்டத்தை மறுபடி மறுபடி தேய்க்கிறியே தம்பி!”

கேள்விக்கு 5 விநாடி வீண் என்றாலும் 200-க்கு 16 நிமிடத்துக்கு மேல். பேனாவை வட்டத்தின் நடுவில் வைத்து, ஒரே சுற்றில் நிரப்பப் பழகினேன். போன ஞாயிறு 200-ம் முடிந்தது. நிம்மதி. இந்த வாரம் கணக்குப் பகுதியைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறேன்.