மாஸ்டர்ஸுக்கு இரண்டு இடத்தில் கிடைத்தால்

கம்பஸ் முடித்துவிட்டு மாஸ்டர்ஸுக்கு வெளிநாடு போக நிற்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளே, ஓரிடத்தில் உதவித்தொகையோடும் பெரிய பெயருள்ள இன்னோரிடத்தில் அது இல்லாமலும் அனுமதி வந்தால், பெயரைப் பார்த்துக் காணியை ஈடு வைக்க ஓடாதீர்கள். முதலில் கடிதத்தை வரிவரியாக வாசியுங்கள்: கட்டணம் முழுதும் கழிகிறதா, மாதச் செலவுக்கும் தருகிறார்களா, இரண்டாம் வருடத்துக்கும் உறுதியா, அதற்காகக் கற்பித்தல் உதவியாளர் வேலை செய்ய வேண்டுமா என்று பாருங்கள், அதில் இல்லாததை மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கனடாவில் ஆய்வேட்டு மாஸ்டர்ஸுக்குத்தான் பெரும்பாலும் பணம் வரும். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் உதவித்தொகைக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருகின்றன. அதற்குள் மற்ற இடத்துக்கும், வேறிடத்தில் உதவித்தொகை கிடைத்திருக்கிறது, நீங்களும் ஏதும் தர முடியுமா என்று மரியாதையாக எழுதிப் பாருங்கள், சிலவேளை தருவார்கள்.