தனியார் கம்பஸில் படிப்பிக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“நாங்கள் விரிவுரையாளர்கள், தொழில் சட்டமெல்லாம் பெக்டரி ஆட்களுக்கு.” கொழும்பில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் படிப்பிக்கிற பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். மற்றத் தவறுகள் எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. இலங்கையின் 1950ஆம் ஆண்டுக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி, எந்தப் பதவியில் இருந்தாலும் தொழில்தருநரோடு ஒப்பந்தம் செய்து வேலை பார்ப்பவர் தொழிலாளிதான். கலாநிதிப் பட்டம் அதை மாற்றாது.

“வருகைதரு விரிவுரையாளர்” என்று கடிதத்தில் இருப்பதைக் கண்டு ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கிடையாது என்று முடிவு செய்யாதீர்கள். நேரசூசியைப் போடுவது யார், லீவுக்கு யாரிடம் கேட்கிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். உண்மையில் ஊழியர் என்றால், தற்காலிகமாக இருந்தாலும் உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் நிறுவனத்தின் பங்காக 12 வீதமும் ஈ.பி.எப்.புக்குப் போக வேண்டும். ஈ.டி.எப்.புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதத்தை நிறுவனமே கட்ட வேண்டும். சம்பளச் சீட்டில் கழித்திருந்தால் மட்டும் போதாது, கணக்கில் காசு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான் ஒரு நிறுவனத்தில் நான்கு வருடம் படிப்பித்தேன். ஒரு நாள், “இந்த செமஸ்டர் பிள்ளைகள் குறைவு, அடுத்த முறை கூப்பிடுகிறோம்” என்றார்கள். நம்பினேன். கோல் எடுத்தால் மரியாதையாகப் பேசுவார்கள், அதனால் இன்னும் நம்பினேன். ஏழாம் மாதம்தான் சட்டத்தரணி ஒருவரிடம் போனேன். வேலை போன நாளிலிருந்து 6 மாதத்துக்குள், வேலை நீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. ஈ.பி.எப். நிலுவைக்கு அந்த 6 மாதக் கெடு இல்லை என்றபடியால், நாரஹேன்பிட்டவில் தொழில் திணைக்களத்துக்குப் போய் முறைப்பாடு கொடுத்தேன். கையில் இருந்த பழைய வவுச்சர்கள்தான் அன்று எனக்குக் கைகொடுத்தன. தயவுசெய்து ஒரு துண்டையும் எறியாதீர்கள்.

நிறுவனம் நீட்டும் விலகல் கடிதத்தில் அந்த இடத்திலேயே கையெழுத்து வைப்பது இன்னொரு பெரிய தவறு. வைத்துவிட்டால், கட்டாயப்படுத்தித்தான் வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். சரி, விருப்பத்தோடுதான் விலகுகிறீர்கள் என்றால், பணிக்கொடை (வேலை முடியும்போது சேவைக் காலத்துக்குக் கிடைக்கும் தொகை) போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்திருந்தால், விலகினாலும் அது உங்களுடையது. வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதுவும் கடைசிச் சம்பளத்தின்படி. 8 வருடம் வேலை செய்து கடைசியாக 120,000 ரூபா எடுத்தவருக்கு 480,000 ரூபா. 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

அரச பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களின் வழி வேறு. அவர்களுக்குத் தனியான சேமலாப நிதி இருக்கிறது, மேன்முறையீடும் பல்கலைக்கழக சேவைகள் மேன்முறையீட்டுச் சபைக்குப் போகும்.

அப்புறம் தொழிற்சங்கம். அது பெரிய இடத்துக் காரியம் என்று ஒதுங்காதீர்கள். பதிவு செய்ய 7 பேர் போதும். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையால் நிறுத்துவதை கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 1999ஆம் ஆண்டுத் திருத்தம் தடை செய்கிறது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் பதினொரு பேர் இருந்தோம். நான்கு வருடத்தில் ஒருநாள்கூட, “உங்களுக்கு ஈ.பி.எப். கட்டுகிறார்களா?” என்று ஒருவரை ஒருவர் கேட்டதில்லை.