ஏற்காட்டுக்கு முதன்முறை நீங்களே கார் ஓட்டிப் போக

சேலம் ஐந்து ரோடு நெரிசலில் தைரியமாக ஓட்டுபவர்கள்கூட, ஏற்காடு என்றதும் வாடகைக் கார் தேடுகிறார்கள். அப்படிப் போனால் ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் பார்த்துவிட்டு வந்துவிடலாம். வழியில் ஆசைப்பட்ட இடத்தில் இறங்கி நிற்க, ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

1. கிளம்பும் முன்: டயர் காற்று, கூலண்ட், பிரேக் பாருங்கள். விடிந்ததும் கிளம்பினால் அடிவாரத்தில் கூட்டம் இருக்காது.

2. ஏற்றம்: மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள்; வண்டி திணறினால் முதல் கியர். ஹாரன் அடியுங்கள், மேலே தெரியும் சாலையைப் பாருங்கள். ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது விதி. ஆனாலும் பேருந்து இறங்கி வந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள், அது திரும்ப முழுச் சாலையும் வேண்டும். நின்ற இடத்திலிருந்து கிளம்ப, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பாதி கிளட்ச் விட்டு, வண்டி முன்னே இழுக்கும்போது பிரேக்கை விடுங்கள். பின்னால் உருளாது.

பாதி மலை ஏறியதும் ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்குங்கள். சேலத்து வெக்கை கீழேயே நின்றுவிடும்.

3. மேலே: ஊருக்குள் சுற்றாமல், நாகலூர் பக்கம் போகும் வட்டச் சாலையைப் பிடியுங்கள். இருபுறமும் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி. மார்ச், ஏப்ரலில் கோடை மழை பெய்து சில நாள் கழித்துப் போனால் காப்பிச் செடி முழுக்க வெள்ளைப் பூ. மல்லிகை போல வாசம். சில நாளில் உதிர்ந்துவிடும். சாலை அகலமாக இருக்கும் இடத்தில் ஓரமாக நிறுத்தி இறங்குங்கள். ஒரு கணுவைச் சுற்றிக் கொத்தாகப் பூத்திருப்பதைக் கிட்டத்தில் பாருங்கள், தொட வேண்டாம், அதுதான் தோட்டக்காரருக்குக் காயாக வேண்டும்.

சேர்வராயன் கோயில் 1,600 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. பனிமூட்டம் வந்தால் லோ பீம் போதும், ஹை பீம் கண்ணைக் கூசும். இருட்டுவதற்குள் தங்கும் இடத்துக்கு வந்துவிடுங்கள்.

4. இறக்கம்: வந்த வழியே வேண்டாம். கொட்டச்சேடு, குப்பனூர் வழியாக இறங்கி அயோத்தியாப்பட்டணம் வாருங்கள், வண்டிகள் குறைவு. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவே கூடாது. இன்ஜினை அணைத்தால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். கருகிய நாற்றம் வந்தால் பிரேக் சூடேறிவிட்டது. ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும்.