காவடிக்குப் பக்கத்தில் நடப்பவருக்கு

தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவருக்கு ஊரே யோசனை சொல்லும். கூட நடப்பவருக்கு ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. கோலாலம்பூர் செந்தூலிலிருந்து எட்டு வருடமாக, காவடி எடுக்கும் மச்சானோடு பத்துமலை முருகன் குகைக்கோயிலுக்குப் போகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் முக்காலி. பிளாஸ்டிக் வேண்டாம். காவடியோடு அவர் உட்கார்ந்தால் கால் விரிந்துவிடும்; எங்களுக்கு இரண்டாம் வருடமே விரிந்தது. மரத்தில் வாங்குங்கள். முக்காலி தூக்குகிறவர் கையில் வேறெதுவும் இருக்கக் கூடாது, கைபேசிகூட.

அவர் எத்தனை நாள் விரதமோ நீங்களும் அத்தனை நாள். வேலையிடத்துக்குப் பக்கத்தில் தேங்காய்ப்பால் சோறு விற்கும் நாசி லெமாக் கடையை நான் தலை குனிந்தே கடப்பேன்.

சுங்கை பத்து ஆற்றில் குளித்து, நாக்கில் அலகு குத்தியபின் அவரால் பேச முடியாது. அதனால் சைகைகளை முந்தின இரவே பேசி வையுங்கள். ஒரு விரல் என்றால் உட்காரணும். இரண்டு என்றால் தோள்பட்டையில் பஞ்சைச் சரி செய்யணும். கை விரித்தால் சும்மா இரு என்று அர்த்தம். இந்த மூன்றாவதுதான் எனக்குப் பிடிபட நாளானது.

உடம்பால் உழைப்பது பெரிய விஷயமில்லை, வாயைக் கட்டுவதுதான் பாடு. நான்காம் வருடம் கூட்டம் ஏறுகிறதே என்று அவரை விரட்டிக்கொண்டே போனேன். அவருக்கோ உறுமி மேளத்துக்கு நின்று ஆட ஆசை. பாதிப் படியில் உட்கார்ந்தவர் என் முகத்தையே பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி கேட்டாள்: "அண்ணே, காவடி உனக்கா, அவருக்கா?" அதிலிருந்து எப்போது புறப்படுவது, எங்கே நிற்பது என்று நான் வாய் திறப்பதில்லை.

272 படியும் செங்குத்து. அவருக்கு ஒரு படி கீழே நில்லுங்கள். இடுப்பருகே கை இருக்கட்டும், ஆனால் தொடாதீர்கள், தொட்டால் அவர் நிலை தடுமாறும். வழி விலக்க முன்னால் இன்னொருவர் வேண்டும்.

குகைக்குள் அலகு எடுத்து விபூதி வைக்கும்போது காவடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது நீங்கள்தான், அநேகமாகச் சன்னிதிக்கு முதுகு காட்டியபடி. எட்டுப் பூசத்தில் நான் முருகனை நேராகப் பார்த்தது இரண்டே தடவை. சரி, ஏதாவதொரு செவ்வாய்க்கிழமை கொமுட்டர் ரயில் ஏறிப் போய் நிதானமாகக் கும்பிட்டுக்கொள்ளலாம்.

கீழே வந்ததும் சொந்தக்காரர்கள் அவரோடு படம் எடுப்பார்கள். எடுத்துத் தருவது உங்கள் வேலை. அப்புறம் காரில் அவர் தூங்கிவிடுவார், ரேடியோவைக் குறையுங்கள்.