மாம்பழ சீசனுக்கு முன் வாட்ஸ்அப் பிசினஸைத் தயார் செய்வது எப்படி?

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கம் எங்களுக்குச் சின்ன மாந்தோப்பு. பெங்களூரா ரக மாம்பழத்தைக் கூழ் ஆலைக்கு அனுப்பிவிடுவோம். செந்தூரா, அல்போன்சா, பங்கனப்பள்ளி மூன்றையும் ஓசூர், பெங்களூரு வீடுகளுக்குப் பெட்டி போட்டு நேரடியாக விற்கிறோம். மண்டியில் விலையை வியாபாரிகள் சொல்வார்கள், இதில் நாங்கள் சொல்கிறோம்.

முதலில் வாட்ஸ்அப் பிசினஸ், அதாவது வியாபாரத்துக்கென்று இருக்கும் வாட்ஸ்அப் செயலியை இறக்குங்கள். இதற்கென்று தனி சிம் வாங்கிவிடுங்கள். ஒரே எண்ணைச் சாதா வாட்ஸ்அப்பிலும் பிசினஸிலும் பதிய முடியாது. தனி எண் இருந்தால் இரண்டு செயலியும் ஒரே போனில் ஓடும்.

அடுத்து கேட்டலாக், அதாவது நம் சரக்கைப் படத்தோடு காட்டும் பட்டியல். ரகத்துக்கு ஒரு பதிவு போதும். விலைக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். சீசனில் விலை மாறிக்கொண்டே இருக்கும், பழைய விலையைக் காட்டிக் கேட்பார்கள். படத்துக்குக் கேன்வா செயலியில் செய்த போஸ்டர் வேண்டாம். காலை வெயிலில், காம்போடு பறித்த பழத்தைக் கையில் வைத்து எடுத்த போட்டோவுக்குத்தான் எங்களுக்கு ஆர்டர் வந்தது.

அப்புறம் பிராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வசதி. இங்கேதான் ஒரு சீசனையே கோட்டைவிட்டோம். ஒரு லிஸ்டில் 256 பேரைச் சேர்க்கலாம். நாங்கள் 140 பேரைச் சேர்த்து "செந்தூரா ரெடி" என்று அனுப்பினோம். பதிலே இல்லை. விலை அதிகமோ என்று குறைத்து மறுபடி அனுப்பினோம், அப்போதும் இல்லை. அக்கா மகன்தான் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து இன்ஃபோவைத் திறந்து பார்த்தான். முப்பது பேருக்குக்கூடப் போய்ச் சேரவில்லை! நம் எண்ணைத் தங்கள் போனில் சேவ் செய்தவர்களுக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போகும். நாம் அவர்கள் எண்ணை வைத்திருந்தால் போதாது.

அதனால் முதல் ஆர்டர் வந்ததுமே இதை அனுப்புங்கள்: "எங்கள் எண்ணைச் சேவ் செய்துகொள்ளுங்கள். அப்போதுதான் அடுத்த அறுவடைச் செய்தி உங்களுக்கு வரும்." அடிக்கடி அனுப்பும் செய்தியைச் சேமித்து வைக்கும் குவிக் ரிப்ளையில் போட்டுவைத்தால் ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டாம். பெட்டிக்குள் வைக்கும் சீட்டிலும் கியூஆர் கோடோடு இதையே அச்சடித்தோம். பிராட்காஸ்ட் அனுப்பி இரண்டு நாள் கழித்து இன்ஃபோவைப் பாருங்கள். யாருக்குச் சேரவில்லையோ அவர்களுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். இந்த ஒரு வேலைக்குச் சோம்பல் படவே கூடாது.

குரூப் தொடங்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியும், பெண் வாடிக்கையாளர்கள் பலருக்கு அது பிடிக்காது.

பெங்களூரு அபார்ட்மென்ட்காரர்களுக்கு ஆங்கிலமும் கன்னடமும் வேண்டியிருக்கிறது. நான் தமிழில் பேசிச் சாட்ஜிபிடியிடம் மாற்றித் தரச் சொல்கிறேன். கன்னடத்தை மட்டும் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டு அனுப்புவேன். தமிழ்ச் செய்தியை நானே எழுதுகிறேன். அது எழுதும் தமிழில் எங்கள் தோப்பு வாசம் இல்லை.

பின்சேர்ப்பு: பாலக்கோட்டில் தக்காளி போடும் ஒருவர், தினமும் மாறும் விலைக்கு என்ன செய்வது என்று கேட்டார். அதற்கு ஸ்டேட்டஸ்தான் சரி, 24 மணி நேரத்தில் தானாகப் போய்விடும். ஆனால் அங்கும் அதே கதைதான்: இரண்டு பக்கமும் எண்ணைச் சேவ் செய்திருந்தால்தான் தெரியும். அண்ணா, முதலில் அந்த வேலையை முடித்துவிடுங்கள்.